முழுத்தோலுக்கு ஒரு எண், துணிக்கு ஒரு எண்

வாஷிங்டன்
6 ஜனவரி 1997

ராய்ஸ்,

உன் அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்காதே. படித்துவிட்டுக் கிழி.

வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றிச் சண்டை போட்டு நீ போனை அறைந்து வைத்து மூன்று வருடமாகிறது. நானும் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்காக இப்போது அழப்போவதில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெனீவாவில் நம் நாட்டு வர்த்தகத் தூதர் பதவிக்கு என் பெயர் செனட்டுக்குப் போயிருக்கிறது. பிப்ரவரி 26 விசாரணை. சுங்க அலுவலகத்தில் நூற்றுப்பத்து பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து தட்டச்சு அடித்தவள், சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காதவள், கையுறை ஆலைத் தொழிலாளியின் மகள், இருபத்தேழு வருடத்தில் இங்கே வந்து நிற்கிறாள். இறக்குமதி வரிப் பட்டியலில் சரக்குக்கு ஒன்றாக எட்டாயிரம் எண்கள் இருக்கின்றன. அவற்றைப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் மூன்று பேர். மற்ற இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இந்தப் பதவியை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம். விசாரணை தொடங்கும்போது செனட்டர், "உங்கள் குடும்பத்தாரை அறிமுகப்படுத்துங்கள்" என்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து தலையாட்ட வேண்டும். மற்றவர்களுக்கு மனைவி, நான்கு குழந்தைகள், மாமனார் என்று ஒரு வரிசையே எழும். எனக்கு நீ ஒருவன்தான்.

என்னைத் தயார்படுத்த பிரெஸ்காட் என்று ஒரு பையனை வைத்திருக்கிறார்கள். "உங்கள் தம்பி ஆலைச் சங்கத்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருவாரா? படத்தில் நன்றாக இருக்கும்" என்றான். வாயை மூடச் சொன்னேன். நீ எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி. வா.

ஒப்பந்தத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. டன்லோவுக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. கடிதத்தில் எழுதவும் முடியாது.

வெர்னா


டன்லோ, ஒஹாயோ
14 ஜனவரி 1997

மாண்புமிகு தூதர் அக்கா அவர்களுக்கு,

கிழிக்கல. உன் கடிதத்த அடுப்பு மேல ஒட்டி வச்சிருக்கேன். சூப் கிண்டும்போதெல்லாம் படிக்கிறேன். "டன்லோவுக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது." தெரியாம என்ன? ஜன்னலத் திறந்தாத் தெரியுது. ஹார்க்னஸ் ஆலை கேட்டுல சங்கிலி, எதிர்ல பேக்கரி காலி, பேங்க் இருந்த எடத்துல பழைய துணி விக்கிறாங்க. நானூத்திப் பன்னெண்டு பேர். போன ஆகஸ்ட் ஒம்பதாம் தேதி மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சுது. திரும்பி உள்ள கூப்பிடுற மணி அடிக்கவே இல்ல. அவ்ளோதான் அறிவிப்பு.

நான் வந்து உன் பின்னாடி உக்காரணுமா? எந்திரிச்சுத் தலையாட்டணுமா? ஜாக்கெட்டுதானே, பிரெஸ்காட் தம்பிக்கு என் சைஸ அனுப்பட்டுமா? அவனே போட்டுக்கிட்டு உக்காரட்டும். உனக்குத் தம்பி மாதிரியே இருப்பான்.

வேற சேதி கேளு. வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை போனவங்களுக்கு ரெண்டு வருஷம் படிப்பும், படிக்கிற வரைக்கும் வாராவாரம் செலவுக்கும் கொடுக்க ஒரு சட்டம் இருக்குல்ல? ஒப்பந்தத்த வித்தப்போ உங்க ஆளுங்க அதக் காட்டித்தானே ஓட்டு வாங்கினாங்க? சங்கத்துச் செயலாளர்ங்கிற முறையில நான்தான் மனு எழுதினேன். பதினோரு பக்கம். போன வாரம் பதில் வந்துச்சு. அரைப் பக்கம். அப்படியே எழுதுறேன்:

"டன்லோ ஆலையின் உற்பத்திப் பொருளுக்கு 2004 வரை முழு வரிப் பாதுகாப்பு உள்ளது. ஆகவே ஆலை மூடப்பட்டதற்கு இறக்குமதி காரணமல்ல. மனு நிராகரிக்கப்படுகிறது."

பாதுகாப்பாம்! கடைக்குப் போய்ப் பாரு, நாங்க தச்ச அதே கையுறை, அதே கோடு போட்ட துணி, பாதி விலைக்கு மலை மாதிரி குவிஞ்சிருக்கு. வாஷிங்டன்ல எவனோ ஒரு மடையன் எதையோ எழுதி வச்சிருக்கான். நானூத்திப் பன்னெண்டு பேர் சோம்பேறிங்க, அதனால ஆலை மூடிச்சுன்னு ஆயிப்போச்சு. மறுபரிசீலனை கேக்க பிப்ரவரி 28 கடைசி. கேக்குறதுக்குப் புது ஆதாரம் வேணுமாம். எங்க போக?

நாற்காலிக்கு வேற ஆளப் பாரு.

ராய்ஸ்


வாஷிங்டன்
21 ஜனவரி 1997

ராய்ஸ்,

திட்டியது போதும். ஒரு கேள்விக்குப் பதில் சொல். கோடு போட்ட துணி என்று எழுதியிருக்கிறாய். எந்தத் துணி? ஹார்க்னஸில் முழுத்தோல் கையுறைதானே தைத்தீர்கள்? அப்பா வெட்டியது தோல். அம்மா தைத்தது தோல். வீடு முழுக்கத் தோல் வாசனை அடிக்கும். எப்போது மாறியது?

உடனே எழுது. போனில் வேண்டாம்.

வெர்னா


டன்லோ
28 ஜனவரி 1997

அக்கா,

கேள்வியப் பாரு! வேற கிரகத்துலேருந்து கேக்குற மாதிரி இருக்கு.

எண்பத்தெட்டுல மாறுச்சு. பழைய ஹார்க்னஸ் செத்தான், மகன் வந்தான். தோலு வெல ஏறிப்போச்சுன்னு உள்ளங்கைக்கு மட்டும் தோலு, முதுகுக்குக் கோடு போட்ட துணி, மணிக்கட்டுக்கு ரப்பர்னு மாத்திட்டான். முழுத்தோல் கையுறை அந்த வருஷத்தோட சரி. அதுக்கப்புறம் ஒரு ஜோடிகூடத் தைக்கல. இதோட ஒரு ஜோடி வச்சிருக்கேன், பாத்துக்கோ.

எண்பத்தொம்பதுல அம்மா அடக்கத்துக்கு வந்தியே, தேவாலயத்து வாசல்லயே பாதிப்பேர் கையில இதத்தான் மாட்டியிருந்தாங்க. பனி கொட்டுச்சு. நீ பாக்கல. பொது போன் கூண்டுக்குள்ள நின்னு எந்த நாட்டுச் சர்க்கரையோ எவ்ளோ டன்னுன்னு பேசிக்கிட்டிருந்த. ஹாம் சாண்ட்விச்சக் கையில எடுத்துக்கிட்டு நாலு மணி ப்ளேனப் புடிக்க ஓடின. ஓபல் ஸ்ட்ரைக்கர் உன் பக்கத்துல வந்து பேசணும்னு நின்னா. முப்பத்தோரு வருஷம் தச்சவ, அம்மாவுக்கு அடுத்த மெஷின். நீ அவளுக்கு 'நன்றி'ன்னு சொல்லிக் கை கொடுத்துட்டுப் போன. ஏதோ வெளிநாட்டு மந்திரிக்குக் கொடுக்குற மாதிரி.

ஏன் கேக்குற? உன் பட்டியல்ல என்ன இருக்கு?

ராய்ஸ்


வாஷிங்டன்
4 பிப்ரவரி 1997

ராய்ஸ்,

கையுறை வந்தது. அன்றே அலுவலகக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

டென்வர், 1992. ஒப்பந்தப் பேச்சின் கடைசி வாரம். ஒப்பந்த வரைவில், சம்மதமாகாத ஒவ்வொன்றும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் முடிந்தது, யாரும் திரும்பத் திறக்கமாட்டார்கள். துணி, தோல் பொருட்கள் என் மேசை. ஒவ்வொரு சரக்கின் எண்ணுக்கும் எதிரே ஓர் எழுத்து போட வேண்டும். ஒரு எழுத்து என்றால் முதல் நாளே இறக்குமதி வரி போய்விடும். இன்னொரு எழுத்து என்றால் பத்து வருடம் ஆகும். என் மேலதிகாரி ஃபென்விக், "எதிர்த்தரப்புக்குச் சின்னச் சாமான்களைக் கொடுத்துவிடு, நமக்குச் சோளம் முக்கியம்" என்றார். நானூறு சின்னச் சாமான்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் நான் பத்து வருட வரிசையில் போட்டேன். சொந்த ஊர், சொந்தக் குடும்பம் சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். மீறினேன். "டன்லோ, ஒஹாயோ: தோல் கையுறை. பாதுகாக்கப்பட வேண்டும்" என்று குறிப்பு எழுதி, கீழே என் முதலெழுத்தைப் போட்டேன்.

முழுத்தோலுக்கு ஓர் எண். துணி முதுகு வைத்ததற்கு வேறு எண். எட்டாயிரம் எண்களும் எனக்குத் தெரியும். நீங்கள் என்ன தைக்கிறீர்கள் என்று தெரியாது. நான் காப்பாற்றியது நான்கு வருடமாக யாருமே தைக்காத ஒரு சரக்கை. உங்கள் சரக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. அதன் அடைப்புக்குறியை நானே எடுத்தேன், முதல் நாளே வரி போகும் வரிசையில். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

உன் மனுவைப் பார்த்தவர்கள் என் குறிப்பைத்தான் எடுத்திருக்கிறார்கள். நீ சொன்ன மடையன் நான்.

ஃபென்விக்கிடம் போனேன். கதவைச் சாத்தினார். "வெர்னா, இதை இப்போது எடுத்தால் நீ விதியை மீறியதும் வெளியே வரும். மார்ச்சில் ஓட்டு முடியட்டும். பதவியில் உட்கார்ந்த பிறகு யாருக்கும் தெரியாமல் கோப்பைத் திருத்திக்கொள்ளலாம்" என்றார். "28-ஆம் தேதி கடைசி" என்றேன். "அவர்கள் புதிதாக ஒரு மனு போடட்டுமே" என்றார். ஒரே ஆலைக்கு இரண்டாவது மனு போட அவர்களுக்கு உரிமை இல்லை, 28-ஐ விட்டால் அவ்வளவுதான். அதுவும் அவருக்குத் தெரியும்.

ஆனால் ராய்ஸ், இதையும் யோசி. அடுத்த சுற்றுப் பேச்சு ஜெனீவாவில். அங்கே பேனா என் கையில் இருந்தால் பத்து டன்லோக்களைக் காப்பாற்றலாம். வேறு யார் போவார்கள் தெரியுமா? வாழ்க்கையில் ஒரு ஆலைக்குள்ளும் காலெடுத்து வைக்காதவன். நானூறு பேருக்காக அதை விடுவது சரியா? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

வெர்னா


டன்லோ
11 பிப்ரவரி 1997

அக்கா,

உன் கடிதம் வந்த அன்னைக்குச் சங்கக் கூட்டம். சட்டைப் பையில அத வச்சுக்கிட்டே போனேன்.

அறுபது பேர் வந்தாங்க. ஹீட்டர் இல்ல, எல்லாரும் கோட்டோட உக்காந்திருந்தாங்க. மறுபரிசீலனைக்கு என்ன ஆதாரம் கொடுக்கப்போறன்னு கேட்டாங்க. நான் சட்டைப் பைப் பொத்தானப் போட்டேன்.

ஓபல் எந்திரிச்சா. "ராய்ஸு, ஒங்கக்கா அங்கதான் பெரிய எடத்துல இருக்காளே, ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? இல்ல, எங்க பேர்லாம் சொன்னா அவ வாய் நாறிப்போயிருமா?"

பின்னாடியிலேருந்து லீராய் பைக்: "அவளுக்கு நம்ம ஊரு மேப்புல எங்க இருக்குன்னே மறந்திருக்கும்டி. ஜெனீவா போறவளுக்கு டன்லோ எதுக்கு? நல்லா வித்துட்டா நம்மள, நல்ல வெலைக்கு!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சேன். "லீராய், அவளத் திட்டுறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தனுக்குத்தான் உரிமை. அது நான். நீ வாய மூடு" ன்னேன். ஓபல் என்னையே பாத்தா. "அப்போ நீ போய்த் திட்டிட்டு வா. 28-க்குள்ள வா" ன்னா.

கோபத்துல அன்னைக்கே உன் கடிதத்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். கவர்கூட எழுதிட்டேன். அனுப்பல. ஏன்னு சொல்றேன் கேளு. நான் அனுப்பினா, தம்பி அக்காவக் காட்டிக் கொடுத்தான்னு பத்திரிகைக்காரன் ரெண்டு நாள் எழுதுவான். எல்லாரும் நம்ம குடும்பச் சண்டையப் பாப்பாங்க, மனுவ எவனும் பாக்க மாட்டான். நீ எழுதினத நீயே சொல்லணும். உன் பேருக்கு, உன் வாயால, அந்த ஆளுங்க முன்னாடி.

பத்து டன்லோவக் காப்பாத்துறேங்கிற. அடேயப்பா! இந்த ஒண்ணையே எந்தச் சரக்கு தைக்குதுன்னு பாக்காம காப்பாத்தினவதானே? மத்த பத்தையும் இப்படித்தான் காப்பாத்துவ. அந்த ஊர்க்காரங்களும் ஒரு நாள் அரைப் பக்கம் பதில் வாங்குவாங்க. உனக்குப் பேனா இருக்கு. அடுத்த சுற்றுக்கும் இருக்கணும்னு நினைக்கிற. இந்த நானூத்திப் பன்னெண்டு பேருக்கு அடுத்த சுற்று கிடையாது. ஓபலுக்கு அறுபத்தோரு வயசு.

நீ கேட்டது உண்மையான கேள்வின்னா, இதான் என் பதில். நான் வரமாட்டேன். உன் பின்னாடி நாற்காலி காலியாவே இருக்கட்டும். ஏன் காலியா இருக்குன்னு நீயே சொல்லு.

ராய்ஸ்


வாஷிங்டன்
27 பிப்ரவரி 1997

ராய்ஸ்,

நேற்று நடந்ததை நீ பத்திரிகையில் படிப்பதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்.

காலை எட்டரைக்கு, விசாரணைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், உங்கள் மனுவைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போய், மறுபரிசீலனைக்கான புது ஆதாரமாகச் சத்தியப் பிரமாணம் செய்த வாக்குமூலத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினேன். நகல் இதோடு இருக்கிறது. டென்வர் பக்கங்கள் இரண்டும், என் குறிப்பும், துணி முதுகுக் கையுறையின் எண்ணும், ஒப்பந்தம் அமலுக்கு வந்த 1994 முதல் நடந்த இறக்குமதியின் அளவும் அதில் உள்ளன. இறக்குமதி மூன்று வருடத்தில் பதினாலு மடங்கு. முதலில் முத்திரை, பிறகு பேச்சு. பேசிவிட்டுப் போயிருந்தால் யாராவது வாசலிலேயே என்னைத் தடுத்திருப்பார்கள். இதை எனக்கு இருபத்தேழு வருட வேலை கற்றுக்கொடுத்தது.

உன் கையுறையை விசாரணை மேசையில் வைக்கலாமென்று ஒரு நிமிடம் தோன்றியது. வைக்கவில்லை. நாடகம் வேண்டாம்.

செனட்டர் வழக்கம்போல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "திருமதி கட்லிப், உங்களோடு வந்திருக்கும் குடும்பத்தாரை..." என்று ஆரம்பித்துப் பின்னால் பார்த்து நிறுத்தினார். பிரெஸ்காட் அவசரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பாவம், நாற்காலி காலியாகத் தெரியக்கூடாதாம்.

"செல்வி கட்லிப்" என்று திருத்தினேன். "எனக்கு ஒரு தம்பி. அவன் வரவில்லை. வர மறுத்துவிட்டான். அவன் மறுத்தது சரி. ஏன் என்று சொல்ல எனக்கு மூன்று நிமிடம் வேண்டும்."

"இது வழக்கமில்லை" என்றார்.

"இல்லைதான்."

சொன்னேன். விதியை மீறியதைச் சொன்னேன். தப்பான சரக்கைக் காத்ததைச் சொன்னேன். என் குறிப்பு நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தடுத்து நிற்பதைச் சொன்னேன். ஓட்டு முடியும்வரை பேசாதே என்று எனக்குச் சொல்லப்பட்டதையும் சொன்னேன். யார் சொன்னார் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். ஃபென்விக் அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார்.

ஒரு செனட்டர், ஒஹாயோக்காரர் இல்லை, மேசையைத் தட்டினார். "சொந்த ஊருக்குச் சலுகை செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த பேச்சுக்கும் உங்களையே அனுப்பச் சொல்கிறீர்களா?"

"சலுகையாக இருந்திருந்தால் ஆலை ஓடிக்கொண்டிருக்கும், செனட்டர். நான் செய்தது அதைவிடக் கேவலம். பார்க்காமல் எழுதினேன். இந்த அறையில் நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். என்னை அனுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் இஷ்டம். நாளை மறுநாள் அவர்களுக்குக் கெடு முடிகிறது. அதற்குள் அவர்கள் மனுவைத் திரும்பப் பார்க்கச் சொல்லத்தான் வந்தேன்."

சாயங்காலமே என் பெயர் திரும்பப் பெறப்பட்டது. என் மேல் துறை விசாரணை வைக்கப்போகிறார்கள். "உடல்நலக் காரணம் என்று ராஜினாமா கொடுத்துவிடுங்கள், ஓய்வூதியம் தப்பும்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். என் உடல்நலம் நன்றாக இருக்கிறது. ராஜினாமா கொடுக்கமாட்டேன். வேண்டுமானால் அவர்களே நீக்கட்டும், காரணத்தை எழுத்தில் போட்டு நீக்கட்டும். அந்தக் காகிதத்தில் டன்லோவின் பெயர் இருக்கும்.

என்னைத் தியாகி ஆக்கினாய் என்றால் உன்னைக் கொன்றுவிடுவேன். ஐந்து வருடம் கழித்து, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் செய்தேன். அவ்வளவுதான். அந்த ஜெனீவா நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. இன்றும் வேண்டியிருக்கிறது. பொய் சொல்லப்போவதில்லை.

ஓபலிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன், என்றாவது.

வெர்னா


டன்லோ
22 ஏப்ரல் 1997

அக்கா,

வந்துருச்சு. நேத்து. இந்தத் தடவையும் அரைப் பக்கம்தான். "துணி முதுகுக் கையுறை இறக்குமதியே ஆலை மூடப்பட்டதற்குக் காரணம். மனு ஏற்கப்படுகிறது." நானூத்திப் பன்னெண்டு பேருக்கும். சங்க ஹால்ல சத்தமாப் படிச்சேன். யாரும் கை தட்டல. அப்புறம் யாரோ ஒருத்தி மூக்கச் சிந்தினா.

லீராய் ஆரம்பிச்சான்: "அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு தடவ வந்து பாத்திருந்தா இந்தக் காகிதமே தேவைப்பட்டிருக்காது." அவன் சொன்னது சரிதான். நான் அவன அடக்கல. ஓபல் சொன்னா, "அறுபத்தோரு வயசுல என்னக் கம்ப்யூட்டர் கத்துக்கச் சொல்றானுங்க. எலியாம், அதப் புடிச்சு நகத்தணுமாம். ஆலையில இருந்த எலியையே நான் தொடப்பத்தால அடிச்சவ." எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்குக் காலையில அவதான் மொத ஆளாப் போய்ப் பேரக் கொடுத்தா.

உன்ன வேலைய விட்டு நீக்கினாங்கன்னு வானொலியில கேட்டேன். காரணத்த எழுதிக் கொடுத்தாங்களா? கொடுத்திருந்தா பத்திரமா வை.

மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. அது எனக்கும் தெரியல, எப்பவாச்சும் தெரிஞ்சா சொல்றேன். இப்ப எழுதுறது வேற விஷயத்துக்கு. பக்கத்து மாவட்டத்துல காலன்னு ஒரு கண்ணாடி ஆலையில எரநூறு பேர் வேலை பாக்குறாங்க. அவங்க சரக்கு அடுத்த ஒப்பந்தப் பட்டியல்ல இருக்காம். பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஜூன் வரைக்கும் நேரம் கொடுத்திருக்காங்க. எந்த எண்ணு, எந்த எழுத்து, எதுல கையெழுத்துப் போடக்கூடாதுன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியல. என்கிட்ட வந்து கேட்டாங்க. எனக்கும் தெரியாது. தெரிஞ்சவ ஒருத்திதான்.

இந்தத் தடவ பாத்துட்டு எழுது. ஆலைக்குள்ள போ, ஒவ்வொரு மெஷினா நில்லு, என்ன செய்றாங்கன்னு கேளு. அப்புறம் பேனாவத் தொறக்கலாம்.

வர்ற செவ்வாய்க்கிழம சாயங்காலம் ஏழு மணிக்கு நம்ம சங்க ஹால்ல அவங்களோட கூட்டம். உன்னத் திட்டுறதுக்குன்னே பாதி டன்லோ வரும். பயமா இருந்தா வராத.

ராய்ஸ்


தந்தி
வாஷிங்டன், 24 ஏப்ரல் 1997

செவ்வாய் காலையே வருகிறேன். கூட்டத்துக்கு முன் கண்ணாடி ஆலையைப் பார்க்க வேண்டும். காலை வேலைக்கு ஆள் உள்ளே போகும் நேரத்தைக் கேட்டு வை. திட்டுவது ஏழு மணிக்கு.

வெர்னா